வெள்ளைத் தொட்டியில் சிவப்புக் கறை

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஆதிலட்சுமி தட்டிப் பார்க்காத பீங்கான் வெளியே போகாது என்று ஒரு பேச்சு இருந்தது. கொஞ்சம் மிகைதான். எஸ்டேட்டில் எத்தனையோ கம்பெனிகள். அவள் வேலை பார்ப்பது முஸ்தபா பாயின் சின்னக் கம்பெனியில் மட்டும். ஆனால் அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்தது. அவளும் அதை மறுக்காமல் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது என்பேன் நான்.

அவள் வேலைக்குப் பெயர் செக்கிங். சூளையிலிருந்து ஆறி இறங்கும் ஒவ்வொரு சாமானையும் இடது கையில் தூக்கி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் சரி. சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே கீறல். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கடைசியாக வலது கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு. அந்த ஒரு நகத்தை மட்டும் அவள் ஒட்ட வெட்டுவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் அழுக்கென்றால் நகத்தோடு வந்துவிடும். மண்ணில் கலந்த இரும்பென்றால் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் கிடக்கும். நகம் வழுக்கிக்கொண்டு போகும், புள்ளி அசையாது. செக்கிங்குக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். சொல்லிக்கொடுப்பதும் ஆதிலட்சுமிதான். அவளுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் பரிந்து பேச வரக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

வெள்ளைப் பீங்கானுக்கு இரும்புதான் பரம எதிரி. கடுகளவு துரு மண்ணில் கலந்தாலும் சூளைச் சூட்டில் செம்புள்ளியாகப் பூத்துவிடும். அதனால் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, காந்தக் கட்டைகள் வைத்த வாய்க்கால் வழியாக ஓட விடுவார்கள். இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டைகளை எடுத்துத் துடைத்துக் கழுவி மறுபடி பொருத்த வேண்டும். சலிப்பூட்டும் வேலை. ஒரு தடவை கழுவாமல் விட்டாலும் பார்க்கிற ஆள் கிடையாது, மனசாட்சிதான் சூப்பர்வைசர். பாய் கம்பெனியில் அதைப் பதினோரு வருஷம் செய்தவன் பழமலை. கம்மாபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மொபெட்டில் வந்து போவான். அதிகம் பேசமாட்டான். ஆதிலட்சுமியை மட்டும் வாய் நிறைய அக்கா என்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு தோட்டக் கடைக்காரர் முந்நூறு பறவைத் தொட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். அகலமான வெள்ளைக் கிண்ணம். தண்ணீர் ஊற்றி வைத்தால் குருவியும் மைனாவும் வந்து குளிக்கும். பட்டணத்துக்காரர்களுக்குப் பறவை மேல் திடீர் பாசம் வந்திருக்கிறது, நமக்கும் வேலை வந்தது, நல்லதுதான். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பாகவே எல்லாத் தொட்டியையும் ஆதிலட்சுமி தட்டிப் பார்த்து, அடியில் நீல மையால் தன் டிக்கைப் போட்டுவிட்டாள். கிடங்கில் இடமில்லை. லாரி வரும்வரை இருக்கட்டும் என்று பின்பக்க முற்றத்தில், வாய் மேலே பார்க்க, வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். அத்தோடு தீபாவளி லீவு. லீவோடு மழையும் சேர்ந்துகொண்டது. பத்து நாள் கொட்டித் தீர்த்தது. மழை விட்ட பிறகும் ஆட்கள் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வாரமும் வெயில் சுள்ளென்று அடித்தது.

கம்பெனியைத் திறந்து பின்பக்கம் போன பாய் அப்படியே நின்றுவிட்டார். தொட்டிகளில் பாதிக்கு மேல் தண்ணீர் வற்றிக் காய்ந்திருந்தது. அடியெல்லாம் சிவப்பு. செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டது மாதிரி அப்படி ஒரு சிவப்பு.

"என்னம்மா ஆதிலட்சுமி இது? நீங்க ஓகே போட்ட மாலுதானே?" என்று கேட்டார் பாய்.

சத்தம் போட்டெல்லாம் கேட்கவில்லை. ஆனால் சுற்றி பத்துப் பேர் நின்றார்கள். இரண்டு பேர் அவளிடம் வேலை கற்றுக்கொள்கிற பெண்கள். ஆதிலட்சுமி குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கினாள். பழக்கதோஷம், நகம் தானாகப் போய்க் கீறியது.

சிவப்பு நகத்தோடு வந்துவிட்டது.

அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது இரும்பில்லை என்று. என்னவென்றும் தெரியவில்லை. "என்னன்னு தெரியலீங்க பாய்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் அவள் சொல்லாத ஒரே வாக்கியம் அது. தெரியவில்லை என்றால் அடுத்த கேள்வி, தெரியாமல் எப்படி டிக் போட்டாய் என்றுதானே வரும்? பூச்சில் கோளாறு, செக்கிங்கில் விட்டுவிட்டாள் என்றுதானே பேச்சு போகும்? அவள் கட்டைவிரலை முந்தானைக்குள் துடைத்துக்கொண்டாள்.

"இரும்பு, பாய். மண்ணுக்குள்ள இருந்திருக்குது. அப்பத் தெரியலை, தண்ணி நின்னதும் ஊறி வெளிய வந்துடுச்சு."

இரும்பென்றால் காந்தம். காந்தமென்றால் பழமலை. எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. ஆதிலட்சுமியே சொன்ன பிறகு தொட்டியை இன்னொரு தடவை கீறிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் கழுவுனேனே பாய், வேளா வேளைக்குக் கழுவுனேனே," என்றான் அவன். அப்புறம் ஆதிலட்சுமியைப் பார்த்தான். "அக்கா, நீ நல்லாப் பாத்தியாக்கா? இரும்புதானா?"

"இரும்புதாம்ப்பா," என்றாள் அவள், வாய் கூசாமல்.

அவன் அதற்கப்புறம் தொட்டியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பெங்களூர்க்காரர் ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றினார். பாய் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் முந்நூறு தொட்டி கண்ணெதிரே கிடக்கும்போது ஒருவனை நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. அந்த வாரத்தோடு பழமலை நின்றான். எஸ்டேட் என்பது ஒரே தெரு மாதிரி. 'காந்தம் கழுவாத ஆளு' என்ற பெயர் அவனுக்கு முன்னால் நடந்து போய் எல்லாக் கதவிலும் தட்டியது. ஒரு கம்பெனியும் அவனை எடுக்கவில்லை.

தொட்டிகளை செகண்ட்ஸ், குறையுள்ள மால் என்று ஒதுக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பாய். ஆதிலட்சுமியும் இரண்டை எடுத்துவந்து கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நார் போட்டுத் தேய்த்தாள், சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. தொட்டி புதுசு மாதிரி பளிச்சென்று ஆனது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்படவில்லை. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். மனசு குறுகுறுக்கும்போதெல்லாம், அவன் ஒரு வேளை கழுவாமலும் விட்டிருக்கலாமே, யார் கண்டது, என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள்.

இந்த வருஷம் அந்த மெழுகு உதிர்ந்தது. கோழிகளை விற்ற பிறகு தொட்டிகள் கொல்லையில் சும்மா கிடந்தன. கோடை மழை பெய்து நிறைந்தது. நான்காம் நாள் தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது. அப்புறம் வெயில். தண்ணீர் குறையக் குறையப் பச்சை பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, கடைசியில் அதே செங்கல் பொடி. இரும்பு எந்த ஊரில் பச்சையாக இருந்து சிவப்பாகும்? ஆதிலட்சுமி கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் வெண்பா காலேஜில் தாவரவியல் படிக்கிறாள். "ம்மா, இது ஏதோ பாசிம்மா," என்று ஒரு மாத்திரை டப்பியில் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் போனாள். சாயங்காலம் வந்து, "எங்க ஹுமைரா மிஸ் தொட்டியையே பாக்கணும்னு சொல்றாங்க. ஒன்னயும் வரச் சொன்னாங்க," என்றாள். மறுநாள் தொட்டியைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆதிலட்சுமி டவுன் பஸ்ஸில் போனாள். பக்கத்து சீட்டுப் பெண், "எந்தக் கோயிலுக்கும்மா?" என்று கேட்டாள். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஹுமைரா மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்கும். புது விருந்தாளியை வரவேற்பது மாதிரி தொட்டியை வாங்கிக்கொண்டார். அடியில் மிச்சமிருந்த ஈரத்தில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "இப்ப பாருங்கம்மா," என்றார்.

ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள் ஆதிலட்சுமி. குண்டு குண்டாகச் சிவப்பு உருண்டைகள். நடுநடுவே சில பச்சையாக, உயிரோடு, துருதுருவென்று ஓடிக்கொண்டிருந்தன. சில உருண்டைகள் ஓரத்தில் பச்சை, நடுவில் சிவப்பு.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றார் மிஸ். "கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி இது. தண்ணி இருக்கிற வரைக்கும் பச்சையா நீந்திக்கிட்டு இருக்கும். தண்ணி வத்தி, சாப்பாடு இல்லாம, வெயிலும் ஏறுச்சுன்னா ஓட முடியாதுல்ல? அப்ப தன்னைச் சுத்திக் கெட்டியா ஒரு ஓடு போட்டுக்கும். உள்ள இந்தச் செவப்புச் சாயத்த ஊற வெச்சு நிரப்பிக்கும். வெயிலோட கடுமைய அந்தச் சாயம் தாங்கிக்கும், உள்ள இருக்கிற உயிருக்குச் சேதம் வராம காப்பாத்தும். எறா வெந்தா செவக்குதில்ல, அதுலயும் இதே சாயந்தான் இருக்குது. அஸ்டாக்சாந்தின்னு பேரு. மருந்துக் கடையில மாத்திரையாவே விக்கிறாங்க."

"அப்ப இது துரு இல்லீங்களா மிஸ்?"

"துருவா?" மிஸ் சிரித்துவிட்டார். "துருன்னா ஒட்டிக்கிட்டு இருக்கும்ல? இது நகத்தால சுரண்டினாலே வந்துடுமே!"

ஆதிலட்சுமி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மிஸ் தன் பாட்டுக்கு, இந்த மாதிரி அகலமான வெள்ளைத் தொட்டி என்றால் இதற்குக் கொண்டாட்டம், காற்றில் தூசியோடு வந்து விழும், வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழையில் திரும்பப் பச்சையாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார். வெண்பா நோட்டில் எழுதினாள். ஆதிலட்சுமிக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. வெயிலுக்குப் பயந்து ஒரு பாசி சாயம் பூசிக்கொண்டது, அதில் தப்பில்லை. பாய் கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்து நான் அடுத்தவன் பிழைப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டேனே என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள்.

அதற்கப்புறமும் உடனே போய்ச் சொல்லிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மூன்று வாரம் மென்று முழுங்கினாள். பழமலை இப்போது ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறான் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து வந்து போனது. சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை பாய் தனியாக இருந்த நேரமாகப் பார்த்துப் போய், தொட்டியைக் காட்டி, மிஸ் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

பாய் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யா அல்லா. பாசியா இது? நல்ல ஆளையில்ல அனுப்பிட்டோம்." கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். "நீங்க என்ன செய்வீங்க பாவம், யாரு பாத்தாலும் இரும்புன்னுதான் சொல்லியிருப்பாங்க."

"ஆமாங்க பாய்," என்றாள் ஆதிலட்சுமி. அங்கேயும் அந்த நகத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"இப்ப அந்த வேலைக்கு வெச்சிருக்கிற ஆளு அடுத்த மாசம் சவூதி கெளம்புறான். பழமலைய வரச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க. நானே போன் பண்ணலாம்தான், ஆனா என்னன்னு பேசுறது?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்மாபுரம் பஸ் ஏறினாள். கையில் ஒரு கிலோ ஆப்பிள். வழி நெடுக, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். பாசியைச் சொல்வது, வேலையைச் சொல்வது, மன்னிச்சுக்கப்பா என்பது. அதற்கு மேல் தேவையில்லை. அவன் திட்டினால் வாங்கிக்கொள்வது. உண்மையில் அவன் திட்ட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசையாக இருந்தது. திட்டு வாங்கினால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பழமலை வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆள் இளைத்து, தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "அக்கா! வாக்கா, வாக்கா! கனி, யாரு வந்திருக்காங்க பாரு," என்று முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே கூப்பிட்டான். மனைவி கனிமொழி கோரைப்பாயை விரித்தாள். டீ போடத் தம்ளர்களை எடுத்தாள். பழமலை அவற்றை அவள் கையிலிருந்து வாங்கி, குழாயடிக்குப் போய்க் கழுவினான். கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திரும்பப் போய் இன்னொரு தடவை கழுவினான்.

"கழுவுனதுதான்க்கா அது," என்று கனிமொழி தாழ்ந்த குரலில் சொன்னாள். "வூட்டைப் பூட்டிட்டு பாதி வழி போயி திரும்பி வந்து பாக்குறாரு. கேஸை மூணு தடவ மூடுறாரு. மில்லுலயும் மூட்டைய எண்ணிட்டு திரும்ப எண்ணுறாராம், சிரிக்கிறாங்களாம். கம்பெனிய விட்டு வந்ததுலேர்ந்து இப்படித்தான்."

ஆதிலட்சுமி, அவன் வந்து உட்கார்ந்ததும் பாசிக் கதையைச் சொன்னாள். தொட்டி பச்சையானது, மைக்ராஸ்கோப்பு, ஓடு, சிவப்புச் சாயம், எல்லாம். பாய் வேலைக்குக் கூப்பிட்டதையும் சொன்னாள்.

பழமலை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப அது இரும்பே இல்லையாக்கா?"

"இல்லப்பா."

"நான் கழுவுன ஞாபகம்தான்க்கா எனக்கு. ஆனா நீ இரும்புன்னு சொன்னியா, சரி, ஒன் கண்ணு தப்பாதுன்னு, நாந்தான் ஏதோ ஒரு வேளை விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். எந்த வேளைன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா." அவன் சட்டென்று சிரித்தான். "ஒனக்கும்தான் தெரியாதே. தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா?"

இதோ கதவு திறந்து கிடந்தது. தலையாட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேன்ப்பா என்று கிளம்பியிருக்கலாம். அவனும் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டிருப்பான். ஆதிலட்சுமி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ப்பா."

"என்னக்கா?"

"பாசின்னு தெரியாது. இரும்பு இல்லன்னு தெரியும். அன்னிக்கே நகத்துல வந்துடுச்சு. பாய் எதிர்ல எனக்குத் தெரியலைன்னு சொல்ல முடியாம, அந்தப் பத்துப் பேரு எதிர்ல அசிங்கமாப் போயிடும்னு, ஒன் மேல தூக்கிப் போட்டுட்டேன். நீ கேட்டப்பயும் தெரிஞ்சேதான் சொன்னேன்."

பழமலை அவளைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினான். "கனி, கேட்டியா? நான் கழுவியிருக்கேன். எல்லா வேளையும் கழுவியிருக்கேன்." சின்னப் பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான்.

கனிமொழி சிரிக்கவில்லை. "நானும் திட்டுனேனே," என்றாள். "ஒரு காந்தத்த ஒழுங்கா கழுவத் துப்பில்லைன்னு ரெண்டு வருஷமா இந்த மனுஷன நானும் திட்டுனேனே." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

ஆதிலட்சுமி இருந்த இடத்திலேயே இருந்தாள். ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிடலாமா என்று நினைத்தாள், அதுவும் நடிப்பாகத் தெரியுமோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பழமலை முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேலைக்கு வரேன்க்கா. பாய்கிட்ட சொல்லிடு. அந்த நகத்து விஷயத்தையும் நீயே சொல்லிடு. அன்னிக்கு நின்ன பத்துப் பேருக்கும் சொல்லிடு."

"சொல்லிடறேன்ப்பா. நாளைக்கே சொல்லிடறேன்."

"இன்னும் ஒண்ணுக்கா." கோபமாகச் சொல்லவில்லை, யோசித்து, நிதானமாகத்தான் சொன்னான். "இனிமே நீ சொல்லி நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்."

"வேணாம்ப்பா," என்றாள் ஆதிலட்சுமி. "ஒத்துக்காத."